அந்த போனைக் கொஞ்சம் கீழே வையுங்களேன்

பிரிட்டிஷ் கலைஞர் ஜான் அகோம்ஃப்ராவின் ‘வெர்டிகோ சீ’ என்கிற வீடியோ கலைப்படைப்பு ஓடுகிற இருட்டறை. மூன்று திரை, 48 நிமிடம். திமிங்கில வேட்டை, அடிமை வியாபாரம், படகேறித் தப்பிய வியட்நாமியர் எல்லாம் ஒரே கடலில் வந்து போகிறார்கள். அலைச்சத்தம் நெஞ்சுக்குள் இறங்குகிற நேரம் பார்த்து முன்வரிசையில் ஒரு போன் எழும்புகிறது. முழு வெளிச்சம். கூடவே மெசேஜ் வந்த ‘டிங்’. சரி, படம்தானே, எடுத்துத் தொலையட்டும் என்று விட்டால், அப்புறம் திரைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி! பின்னால் எத்தனையோ பேரை விழுங்கிய கடல், இவர் முன்முடியை ஒதுக்கிவிடுகிறார். எப்படித்தான் மனசு வருகிறது?

எங்கே போனாலும் இதே கதைதான். 2015 ஏப்ரலில் மத்தியதரைக் கடலில் நூற்றுக்கணக்கானோருடன் மூழ்கிய படகை 2019இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் முன்னாலும் சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். சாவு வீட்டில் இப்படி நிற்பார்களா? பிணம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் துக்கமா?

அன்றைக்கு என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கடல் இருண்டபோது அவர் முகத்தில் விழுந்தது அந்த போன் வெளிச்சம். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிம்மதியாக அழக்கூட விடமாட்டீர்களா?