ஓட்டா கமிட்டியா, இந்த சண்டையே வேஸ்ட்

ஐரோப்பிய நாடுங்க வருஷா வருஷம் மோதிக்கிற பாட்டுப் போட்டி யூரோவிஷன், அந்த சீசன் வந்தாலே கூடவே இந்த சண்டையும் வந்துடும். நாட்டு சார்பா யார் போய் பாடணும்னு ஜனங்க ஓட்டு போட்டு முடிவு பண்ணனுமா, இல்ல டிவி சேனல்காரங்களே ரூம்ல உக்காந்து ஒருத்தர புடிச்சு அனுப்பிடலாமா. பாட்டு மூணு நிமிஷம் தாண்டக்கூடாதுன்னு ரூல் போட்டவங்க ஆள எப்படி புடிக்கணும்னு மட்டும் அந்தந்த நாட்டு சேனல் தலையில கட்டிட்டாங்க.

ஓட்டுதான் நியாயம்னு சொல்றவங்க 2022 ஸ்பெயின் கதைய பாருங்க. பெனிடார்ம் ஃபெஸ்ட்னு புதுசா ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. ஸ்பெயினோட கலிசியா பகுதில இருந்து வந்த டான்சுகெய்ராஸ்னு மூணு பொண்ணுங்க குரூப், ஜனங்க ஓட்டுல எங்கயோ போயிட்டாங்க, ரெண்டாவதா வந்தவங்களுக்கு பக்கத்துல நிக்கவே முடியல. ஆனா ஜூரி, அதாவது நடுவர் குழு, போட்ட மார்க் எல்லாம் சேத்து பாத்தா அவங்க மூணாவது, ஜெயிச்சது சனேல்ங்கற பாடகி. அவ்ளோதான், பார்லிமெண்ட் வரைக்கும் கேள்வி போச்சு, அந்த பொண்ண ஆன்லைன்ல திட்டின திட்டுல அவங்க ட்விட்டர விட்டே போயிட்டாங்க (பாவம், மார்க் போட்டது அவங்களா?). மே மாசம் இத்தாலில டுரின்ல நடந்த யூரோவிஷன்ல அதே சனேல் 459 பாயிண்ட் வாங்கி மூணாவது இடம். 1995க்கு அப்புறம் ஸ்பெயினுக்கு அதுதான் பெஸ்ட்டு.

ஜனங்களுக்கு ரசனை இல்லன்னு சொல்ல வரல. யூரோவிஷன் ஃபைனல்ல சொந்த நாட்டுக்கு ஓட்டு போட முடியாது, அப்போ வீட்ல உக்காந்து தேர்ந்தெடுக்கிற யாருக்கும் அங்க ஓட்டே இல்ல, இது ஏன் நிறைய பேர் மண்டையில ஏற மாட்டேங்குதுன்னு தெரியல. ஏழு தடவ ஜெயிச்ச அயர்லாந்து 2008ல ஓட்டு போட்டு ஒரு வான்கோழி பொம்மைய அனுப்பினாங்க, செமிலயே அவுட்டு.

அதுக்காக கமிட்டிகாரங்க பெரிய அறிவாளிங்களான்னா அதுவும் இல்ல. பிரிட்டன் 2019ல ஓட்டு மூலமா அனுப்பின ஆள் கடைசி இடம். சரின்னு பிபிசி தானே ஆள புடிச்சுது, 2021ல பூஜ்யம், நிஜமாவே பூஜ்யம். 2022ல அதே மாதிரி புடிச்சு அனுப்பின சாம் ரைடர் ரெண்டாவது வந்துட்டார், ஊரே கொண்டாடுச்சு, ஃபார்முலா கிடைச்சுடுச்சுன்னாங்க. அடுத்த வருஷம் அதே ஃபார்முலா, 26ல 25வது.

என்ன கேட்டா முறைய நோண்டறத விட்டுட்டு, போட்டிக்கு யார் வந்து நிக்கறாங்கன்னு பாக்கணும். பிரிட்டன்ல ஓட்டு நடந்த வருஷங்கள்ல ஓரளவு பேர் வாங்கினவங்க பெரும்பாலும் அந்தப் பக்கம் தலை வச்சே படுக்கல, தோத்தா மானம் போயிடும்ங்கற பயம் தான்னு நினைக்கிறேன். ஸ்வீடன்ல லோரீன்ங்கற பாடகிய பாருங்க. அவங்க ஸ்வீடனோட தேர்வுப் போட்டியான மெலோடிஃபெஸ்டிவாலன்ல 2011ல ஃபைனல் கூட வரல, 2012ல ஜெயிச்சு யூரோவிஷன் போய் கப்பும் தூக்கினாங்க, உலகமே தெரிஞ்ச ஆள் ஆனப்புறம் 2017ல மறுபடி வந்து மறுபடி அவுட்டு, 2023ல திரும்ப வந்து ரெண்டாவது கப்பு. ஜெயிச்ச ஸ்டார் ஒருத்தர் உள்ளூர் போட்டில தோத்துட்டு கூச்சப்படாம திரும்ப வர்றாங்கன்னா அந்த மேடைக்கு அவ்ளோ மரியாதை இருக்குன்னு அர்த்தம். அந்த ஸ்வீடன் போட்டி ஃபைனல்ல பாதி மார்க் வெளிநாட்டு ஜூரி போடறது வேற, அதுவும் கெட்டிக்காரத்தனம் தான்.

இத்தாலி இன்னும் ஒரு படி மேல. அவங்க ஊரு பாட்டுப் போட்டி சான்ரெமோ 1951லயே ஆரம்பிச்சது, யூரோவிஷனே அத பாத்து வந்தது தான். யூரோவிஷனுக்கு யார் போவாங்கங்கறது அங்க கடைசி கவலை. ஜெயிச்சவங்களுக்கு முதல் உரிமை, விருப்பம் இல்லன்னா வேணாம்னு சொல்லிக்கலாம். மானெஸ்கின்ங்கற ராக் பேண்டு 2021ல போனாங்க, ஜெயிச்சாங்க. 2025ல சான்ரெமோ ஜெயிச்ச ஒல்லிங்கற பாடகர் எனக்கு டூர் இருக்கு வரலன்னுட்டார், ஒருத்தரும் பதறல. ரெண்டாவது வந்த லூசியோ கோர்சி மவுத் ஆர்கனோட கிளம்பி போய் அஞ்சாவது இடம் வாங்கிட்டு வந்தார்.