டைல்ஸ் மேல் மரப் பேனல்: ஓதம் நிற்காது

“டைல்ஸ் மேல் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பேனலை ஒட்டினால் சுவர் ஓதம் நின்றுவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஓதம் நிற்காது, பேனலுக்குப் பின்னால் மறைந்திருக்கும், அவ்வளவுதான். ஈரத்தை உறிஞ்சி எம்டிஎஃப் ஓரமெல்லாம் உப்பிவிடும், பின்னால் பூஞ்சையும் பிடிக்கும். முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.

காய்ந்த சுவரில் டைல்ஸ் மேலேயே பேனல் அடிக்கலாம், அது சரிதான். ஆனால் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அது பிடிப்பு விட்ட டைல். பேனல் எடையையும் சேர்த்துத் தாங்காது. அதைப் பெயர்த்துப் பூசிவிட வேண்டும். அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்தால்தான் பசை பிடிக்கும்.

தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் வகை) பிளைவுட் கேளுங்கள்; அதன் ஐஎஸ்ஐ உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.