மண்டபத்தின் இணையதளமும் விடையில்லாத கேள்விகளும்

தங்கையின் திருமணத்திற்காக மதுரையில் மண்டபம் தேடத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. நான் திறந்து பார்த்த இணையதளங்களில் ஒன்றுகூட என் கேள்விகளுக்கு விடை சொல்லவில்லை. பெரும்பாலானவற்றில் முகப்பில் கோபுரத்தின் படமும், அதன் கீழே உரிமையாளரின் வாழ்த்துரையும், கடைசியில் ஒரு கைப்பேசி எண்ணும்தான் இருக்கின்றன.

கல்யாண வீட்டார் கேட்பது வேறு. ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம்? சமையல்காரரை நாமே அழைத்து வரலாமா? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கான டீசல் யார் கணக்கு? சொல்லும் வாடகையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்குமா? தேனியிலிருந்து வரும் உறவினர்கள் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலும், இராமநாதபுரத்திலிருந்து வருபவர்கள் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலும் இறங்குவார்கள். அங்கிருந்து மண்டபத்திற்கு எப்படி வருவது என்று இரண்டு வரி எழுதக் கூடாதா?

ஒரு மண்டபத்திற்கு முன்பணம் கட்டிய பிறகுதான், பாத்திர வாடகையும் துப்புரவுக் கட்டணமும் தனி என்றார்கள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. தினமும் எல்லோரும் இதையே கேட்கிறார்கள் என்று அந்த மேலாளர் அலுத்துக்கொண்டார். அந்தப் பதில்களைத்தானே ஐயா தளத்தில் எழுத வேண்டும்! புதிதாக எதையும் புனைய வேண்டாம். ஒரு வாரம் தொலைபேசியில் வரும் கேள்விகளை நோட்டில் குறித்துவைத்து, கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைப் போட்டு, தொகையோடு பதில் எழுதினால் போதும். வாடகை மாறினால் அன்றே திருத்தவும் வேண்டும். நான் பார்த்த ஒரு தளத்தில் இன்னும் 2019-ஆம் ஆண்டின் வாடகைதான் இருக்கிறது.