அந்த வெள்ளைப் புள்ளிகளும் மனிதர்கள்தான்

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். திரையில் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘தி ஹே வெய்ன்’ ஓவியம். "அந்தக் காலத்து உழவன் எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்திருக்கிறான் பாருங்கள்" என்றார் பேசியவர். "இதில் உழவன் எங்கே இருக்கிறான்?" என்று எழுந்து கேட்டேன். ரசிக்க வந்த இடத்தில் அரசியல் வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

நான் கேட்டதில் என்ன தப்பு? படத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஆற்றுக்குள் நிற்கும் வண்டி, கரையில் நாய், இடது பக்கம் வீடு, எல்லாம் அவ்வளவு துல்லியம். வலப்புறம் தூரத்து வயலில் சில வெள்ளைப் புள்ளிகள் தெரியும். புல் அறுக்கிறவர்கள் அவர்கள்தான். ஒருவருக்கும் முகம் கிடையாது. முகமே தெரியாதவன் நிம்மதியாக இருந்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

படம் காட்சிக்கு வந்தது 1821இல். நெப்போலியன் போர் முடிந்து, தானிய விலை சரிந்து, இங்கிலாந்துப் பண்ணைகளில் கூலி குறைந்திருந்த காலம். அடுத்த வருடமே கிழக்கு இங்கிலாந்தில் கூலியாட்கள் தங்கள் வேலையைப் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். 1830இல் கலவரம் இன்னும் பெரிதாக வெடித்தது. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

"அப்போ கான்ஸ்டபிள் பொய்யரா?" என்பீர்கள். இல்லை. அந்த ஆற்றோரத்தில் வளர்ந்தவர். அவர் வரைந்த மேகங்களை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் அப்பா மில் முதலாளி. மில் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வயல் அவ்வளவு தூரத்தில்தான் தெரியும்.

என் அம்மா கூலிக்குக் கதிர் அறுத்தவள். அரிவாள் பட்ட இடது சுண்டுவிரல் கடைசிவரை மடங்கவில்லை. என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அறுவடை அழகு என்று யார் சொன்னாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

"ஓவியம் என்றால் அழகுதானே?" சரி, பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ அழகில்லையா? மூன்று பெண்கள், இரண்டு பேர் தரையோடு குனிந்திருக்கிறார்கள். பின்னால் மலைபோலக் கதிர்ப்போர், குதிரைமேல் ஒரு கண்காணி. உழவர் வீட்டுப் பிள்ளையான மில்லே பக்கத்தில் நின்று வரைந்தது. அதைப் பார்த்துத்தான் பாரிஸில் வசதியான ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. தூரத்துப் புள்ளியாக இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை, கிட்டே வந்தால் அரசியலாகிவிடுகிறது.

பழைய விஷயம், விட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவின் விரல் எனக்குப் பழைய விஷயமில்லை. அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்பேன். இந்த முறை உட்கார மாட்டேன்.