லீக்குக்குக் காசு வேண்டாம், அரைப்பேர் போதும்

அடுத்த சீசனில் இருந்து நம்ம பேன்டசி லீக்கில் ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டி விளையாடுவோம், முதலாவது வருகிறவன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கட்டார் மச்சான் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். நாலைந்து பேர் கட்டைவிரலையும் தூக்கிவிட்டார்கள். அங்கே பதில் எழுதினால் குட்மோர்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும், அதனால் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

விசயம் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்து பிரிமியர் லீக் காற்பந்தை வைத்து, கற்பனையாக அணி சேர்த்து ஆடும் இணைய விளையாட்டு இது. கையில் 100 மில்லியன் பவுண் கற்பனைக் காசு. அதில் 15 வீரர்களை வாங்க வேண்டும், ஒரு கழகத்தில் மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. நிஜ மேட்ச்சில் அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி, கெப்டனாக வைத்தவருக்கு இரட்டிப்பு. இருக்கிற வாய்ப்புக்கு மேல் ஆள் மாற்றினால் தலைக்கு நாலு புள்ளி வெட்டு. சேர ஒரு சதம் கூடத் தேவையில்லை, லீக்கை நடத்துகிறவர் அனுப்பும் ஒரு கோட் (code) இருந்தால் போதும்.

நாங்கள் தொடங்கியது 2013இல். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம், இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுன் நெட் கபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து அணி போட்டோம். டிக்கோயாக்காரன் முதல் வாரமே லிவர்பூல் வீரர் சுவாரெஸை எடுத்திருந்தான். அவனுக்கு ஏதோ உள்விசயம் தெரியும் போல என்று பயந்தே போனோம். பார்த்தால், செல்சி வீரர் இவானோவிச்சைக் கடித்ததற்கு சுவாரெஸுக்குத் தடை இருப்பதே அவனுக்குத் தெரியாது. சீசனின் முதல் ஐந்து மேட்ச்சிலும் ஆள் இல்லை. வாரா வாரம் முட்டை. 'பல்லுக்காரன்' என்று பட்டம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். தடை முடிந்து வந்த சுவாரெஸ் 33 மேட்ச்சில் 31 கோல் அடித்தான், நோர்விச்சுக்கு எதிராக ஒரே இரவில் நாலு. அந்த வருசம் லீக்கை வென்றது பல்லுக்காரன்தான். எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறான். நம்பத்தான் ஆளில்லை.

அப்புறம் 2015/16. இதைச் சொல்லாமல் எங்கள் லீக்கின் சரித்திரத்தை எழுத முடியாது. இப்போது நோர்வூட்டில் த்ரீவீல் ஓட்டுகிறவன் ஒரு செல்சி பைத்தியம். செல்சியின் ஹசார்டை 11.5 மில்லியன் கொடுத்து வாங்கினான். எங்களோடு விளையாடும் டியூசன் சாரோ, கடைசியில் மிஞ்சிய காசுக்கு லெஸ்டரில் இருந்து 5.5க்கு மஹ்ரெஸை எடுத்துப் போட்டார். யாரும் எதிர்பார்க்காத லெஸ்டர் அந்த வருசம் லீக்கையே வென்றது உலகத்துக்கே தெரியும். ஹசார்டோ ஏப்ரல் 23 வரைக்கும் லீக்கில் ஒரு கோல் கூடப் போடவில்லை. டிசம்பரில் செல்சி பயிற்சியாளர் மொரீனியோவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நம்ம ஆள் ஹசார்டை அனுப்பவில்லை. "நிண்டு பிடிப்பான் மச்சான், பாரு" என்பான். மே 2 மேட்ச், நமக்கு மூன்றாம் திகதி விடியப் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. லெஸ்டரை விரட்டிக்கொண்டிருந்த டொட்டன்ஹாமுக்கு எதிராக ஹசார்ட் போட்ட கோலில் ஆட்டம் 2-2 சமநிலை, லெஸ்டருக்குக் கோப்பை உறுதி. இரண்டரை மணிக்கு எனக்குப் போன் வருகிறது: "பாத்தியா, கோப்பை யாருக்குன்னு முடிவு பண்ணினதே நம்ம ஆளுதான்!" பேசியவன் எங்கள் பட்டியலில் கடைசி.

அந்த வருசம்தான் சட்டம் போட்டோம். கடைசியில் வருகிறவன் ஹட்டனில் எல்லோருக்கும் கொத்து ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கித் தரவேண்டும். அதோடு, அடுத்த சீசன் முழுக்க அவனுடைய அணிக்கு வென்றவர் வைக்கும் பெயர்தான். வென்றிருந்த சார் யோசிக்கவே இல்லை, 'அரைப்பேர் யுனைட்டட்' என்று வைத்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பறிக்கும் கொழுந்தில் கிலோ குறைந்தால் முழுநாள் தேயிலை மலையில் நின்றாலும் பாதிச் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர். த்ரீவீல்காரனுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். மகனுடைய போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "எனக்கே இந்த மாசம் ரெண்டு அரைப்பேர்தான்டா விழுந்துச்சு, ஒனக்கு வருசம் பூராவுமா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். இதை அவனே வந்து எங்களிடம் சொன்னான். அதற்குப் பிறகு 'கவ்வாத்து எப்.சி.' (தேயிலைச் செடியை வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து) வந்தது, வெளியில் எழுத முடியாத இன்னும் இரண்டு பெயர்களும் வந்தன.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் 5,000 ரூபாயை வைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்ததே 2024இல்தான், அதுவும் எத்தனை வருசப் போராட்டத்துக்குப் பிறகு. மேலே கொடுப்பனவு, அது இது என்று கூட்டிக்கொண்டாலும் 5,000 என்றால் மூன்று நாள் மலை. கட்டாரில் அது அறுபது ரியால் மட்டில் இருக்கும். அங்கே வெயிலில் உழைக்கிறவன் அவன், குறை சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அறுபது ரியால் போனால் போனதுதான். இங்கே ஒருத்தனுக்கு அந்தக் காசு போனால், அடுத்த வாரம் அவனை யாரால் கிண்டல் பண்ண முடியும்? காசைத் தோற்றவனுக்கு அரைப்பேர் என்று பெயர் வைத்தால் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்வானா? நானாக இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, நேரம். ஒவ்வொரு வாரமும் முதல் மேட்ச் தொடங்க 90 நிமிசம் இருக்கும்போது அணி மாற்றும் கதவை மூடிவிடுவார்கள். சனிக்கிழமை அங்கே பகல் பன்னிரண்டரை மேட்ச் என்றால் நமக்குப் பின்னேரம் மூன்றரைக்கு மூடும். அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அது நாலரையாகிவிடும். அந்த நேரத்தில் த்ரீவீல்காரன் ஹயரில் இருப்பான், சார் வகுப்பில் இருப்பார், இன்னொருத்தன் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பான். எங்கள் பக்கம் சில தோட்டங்களில் ரோட்டு வளைவுக்கு வந்தால்தான் சிக்னல் கோடு ஏறும், மழை மூட்டம் என்றால் அதுவும் இல்லை. பகிடிக்கு விளையாடும்போது "சிக்னல் இல்லடா" என்பது ஒரு நொண்டிச்சாட்டு, நாங்களும் சிரித்துவிட்டுப் போகிறோம். காசு இருந்தால் அதுவே பஞ்சாயத்து.

2022 ஏப்ரல் இரண்டாம் திகதியை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கரண்ட் வெட்டு நடந்த காலம். அன்றைக்குப் பின்னேரம் ஆறு மணியோடு ஊரடங்கு. இரவு, செல்சி சொந்த மைதானத்தில் பிரென்ட்போர்டிடம் 4-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. த்ரீவீல்காரனை வைத்துச் செய்ய இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? மறுநாள் பார்த்தால் வட்ஸ்அப், முகநூல் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியிருந்தது. சார் விடவில்லை. பழைய முறையில் எஸ்.எம்.எஸ். ஒன்று அனுப்பினார், அதில் '4-1' மட்டும்தான். பதிலுக்கு அவன் அனுப்பியதை இங்கே எழுத முடியாது.

டித்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசியில், அந்தச் சனிக்கிழமை மலைநாட்டில் யாருக்கு அணி ஞாபகம்? ரோட்டெல்லாம் மண் சரிந்து, கரண்டும் சிக்னலும் போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத நேரம். வெளிநாட்டில் இருந்தவர்கள் குழுவில் ஒவ்வொருத்தனாகப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரப் புள்ளியைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு லட்சம் ரூபாய் நடுவில் கிடந்திருந்தால் கட்டாயம் யாராவது பேசியிருப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

தீபாவளிக்குத் தோட்டத்தில் நடத்தும் ஏழு பேர் மேட்ச்சுக்கு என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். கிடாய் ஒன்றைப் பரிசாக வைத்து ஆடிய வரைக்கும் மேட்டு லயமும் பள்ளத்து லயமும் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்) அடித்துப் பிடித்து விளையாடிவிட்டு, அந்தக் கிடாயை ஒன்றாகவே கறி வைத்தார்கள். பரிசுப்பணம் என்று ஆனதும் ரெஃபரியைத் தள்ளிவிட்டதில்தான் முடிந்தது.

சரி, எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. காசு கட்டினால் யாரும் ஜனவரியோடு அணியைக் கைவிட மாட்டார்கள். நம்மில் பாதிப் பேர் பொங்கலுக்குப் பிறகு அணியைத் திரும்பியே பார்ப்பதில்லை, உண்மைதான். அதற்கு வேறு வழி இருக்கிறது. தொடர்ந்து நாலு வாரம் அணியைத் தொடாதவன் ஒரு ரவுண்ட் கொத்து ரொட்டி வாங்க வேண்டும். கொத்து இப்போது விற்கிற விலைக்கு அந்தப் பயமே போதும்.

ஆனால் காசு வந்தால் வேறொன்றும் வரும். எல்லோரும் யூடியூப்பைப் பார்த்து ஒரே அணியைப் போடுவார்கள். 2024/25 சீசன் ஞாபகமிருக்கிறதா? லிவர்பூலின் சாலா 344 புள்ளி எடுத்தார், இந்த விளையாட்டில் ஒரு வீரர் ஒரு சீசனில் எடுத்த ஆகக்கூடிய புள்ளி. எங்கள் எல்லோரிடமும் சாலா, வாரா வாரம் எல்லோருக்கும் அவர்தான் கெப்டன். அவர் கோல் போட்டால் ஒருத்தனும் ஒருத்தனைக் கிண்டல் பண்ண முடியவில்லை. எனக்கு ஆகச் சப்பென்று போன வருசம் அது. பண்டாரவளைத் தங்கச்சி 2019இல் ஷெபீல்ட் யுனைட்டட்டின் லண்ட்ஸ்ட்ரமை நாலு மில்லியனுக்கு எடுத்தாளே, அதுவல்லவா விளையாட்டு. பட்டியலில் டிஃபென்டர் என்று போட்டிருந்தார்கள், ஆள் ஆடியது மிட்பீல்டில். டிஃபென்டர் கோலுக்கு ஆறு புள்ளி. எங்களில் ஒழுங்காகப் பட்டியலைப் படித்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் ஆம்பிளைகள் எல்லாம் விழித்துக்கொள்வதற்குள் அவள் மேலே போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆக, என்னுடைய வாக்கு பழைய சட்டத்துக்குத்தான். லீக்கில் சேரும் கோட் வழமை போல நானே அனுப்புகிறேன். காசு வைத்துத்தான் ஆடவேண்டும் என்கிறவர்கள் தனியாக ஒரு லீக் தொடங்கட்டும், ஒரே அணியைப் பல லீக்குகளில் சேர்க்கலாம். கட்டார் மச்சான் அதற்குக் கோட் அனுப்பினால் நானும் வந்து சேருவேன். காசு மட்டும் கட்டமாட்டேன், முதலாவது வந்தால் கொத்து ரொட்டியாக அனுப்பிவிடச் சொல்லுங்கள்.