கொடுகு என்றாலும் குடைதான்

அந்த ரீலை இனிமேல் எனக்கு அனுப்பாதீங்க. ஒன்பது பேர் அனுப்பியாச்சு. பார்த்தேன். "பேச்சு வரலையா? வீட்ல ஒரே மொழி பேசுங்க, ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்." சிரிச்ச முகமா சொல்லிட்டுப் போயிட்டார். கீழே ஹார்ட்டா கொட்டிக் கிடக்கு. நல்லா இருங்க.

நான் ஓசூர்ப் பக்கம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர்ற சிறப்பாசிரியர். இங்கே பல வீடுகளில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரே மொழின்னா எதை? அதை மட்டும் சொல்லலை பாருங்க.

போன வருஷம் ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி, டவுன் சின்ட்ரோம் (பேச்சும் படிப்பும் மெதுவா வர்ற ஒரு பிறவி நிலை). மதிப்பீட்டு முகாமில் குடை படம் காட்டினாங்க. "கொடுகு" என்றாள். தப்பு. பூனை காட்டினாங்க. "பில்லி." தப்பு. பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே வரிசையா பெருக்கல் குறி. தெலுங்கு தெரியாதது கேட்டவருக்கு, மார்க் போனது பிள்ளைக்கு. அம்பது பிள்ளை வரிசையில் நின்னா அவர்தான் என்ன செய்வார்னு கேப்பீங்க. சரி. வெளியே உட்கார்ந்திருந்த அவ்வாவை, அதான் அவ பாட்டியை, ஒரு நிமிஷம் உள்ளே கூப்பிட்டிருக்கலாம்ல?

கூப்பிடலை. "வீட்ல தெலுங்கு வேண்டாம்"னு சொல்லி அனுப்பினாங்க. அம்மா கம்பெனி ஷிப்டுக்குப் போயிடுவார், பகல் முழுக்க அவ்வாதான். அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை. அடுத்த வாரம் நான் போனப்போ சத்தமே இல்லாம சோறு ஊட்டிக்கிட்டிருந்தார். வாயைத் திறந்து காட்டுறார், அதுவும் திறக்குது. என் அரைகுறைத் தெலுங்கில் ஏன்னு கேட்டேன். "மேடம் வத்தன்னாரு" என்றார். வேண்டாம்னுட்டாங்களாம்.

"நீ என்ன டாக்டரா?" இல்லைங்க. ஆனா 2005-லேயே கனடாவில் இருமொழி பேசும் டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளை ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துட்டாங்க. ரெண்டாவது மொழியால் ஆங்கிலம் கெடலை. 1970-ல் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு. ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஐக்யூ டெஸ்ட் வச்சு, அறிவு வளர்ச்சி குன்றியவங்கன்னு தனி வகுப்பில் போட்டிருந்தாங்க. அவங்க மொழியிலும் கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் அந்த வகுப்புக்கே உரியவங்க இல்லைன்னு தெரிஞ்சது. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் பெருக்கல் குறி போட்டுக்கிட்டிருக்கோம்.

அடுத்து ஒருத்தர் வருவார், "தமிழ்நாட்டுச் சம்பளம் வாங்கிக்கிட்டு தெலுங்குக்கு வக்காலத்தா?"ன்னு. ஐயா, அந்தச் சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சா இப்படிக் கேட்க மாட்டீங்க. தமிழ் வேண்டாம்னு யார் சொன்னா? அவள் குடைன்னும் சொல்லுவா. கொடுகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அங்கே வருவா.

பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து இதைத்தான் சொன்னேன். "நோட் பண்ணிக்கிறோம் மேடம், அடுத்த ஸ்லைடு." ஸ்பெஷல் மிஸ் சொன்னா நோட் பண்ணிக்குவாங்க. ரீலில் வர்றவர் சொன்னா வீட்டையே வாய்மூட வைப்பாங்க. காலையில் ரெண்டு பஸ் மாறி அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போறவ நான்தானே? என்கிட்ட யாராவது கேட்டீங்களா?

இப்போ அவ்வா மறுபடி பேசுறார். நான்தான் பேசச் சொன்னேன். ஆனா நான் அங்கே இருந்தா, ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக்கிறார்.