படி எத்தனைன்னு முதல்லயே சொல்லித் தொலைங்களேன்!

குடும்பத்தோட ஒரு குகையைப் பார்க்கக் கிளம்பணும்னா துப்பறியும் வேலையே பார்க்கணும் போல. நான் கேட்கிறது என்ன பெரிய ரகசியமா? மொத்தம் எத்தனை படி? கைப்பிடி இருக்கா? எங்கேயாவது குனிஞ்சு நுழையணுமா? பாதியில ஒருத்தருக்கு மூச்சு முட்டினா வெளிய வர வழி உண்டா? டிக்கெட் போடுற பக்கத்துல இதுல ஒண்ணுக்கும் பதில் கிடையாது. கலர் விளக்குல ஜொலிக்கிற படம் மட்டும் வரிசையா இருக்கு. அதுக்குக் கீழே, "எல்லா வயதினரும் வரலாம்".

எங்கம்மாவும் அந்த எல்லா வயதுல ஒருத்தர்தான். முட்டி தேய்ஞ்சவங்க. ஏறுறதைக்கூடச் சமாளிச்சிடுவாங்க. இறங்குறதுதான் கஷ்டம். பக்கவாட்டுல திரும்பி, சுவரைப் பிடிச்சு, வலிக்கிற காலை முதல்ல இறக்கி, அப்புறம்தான் அடுத்த காலைப் பக்கத்துல கொண்டு வருவாங்க. குகைக்குள்ள சுவரைத் தொடக்கூடாது. நியாயமான விதிதான், கையில இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டா, தண்ணி சொட்டிச் சொட்டி உருவாகுற சுண்ணாம்புப் படிவம் அந்த இடத்துல வளராது. சரி, தொடலை. ஆனா பிடிக்க ஒரு கம்பியாவது இருக்கா இல்லையான்னு சொல்ல வேண்டாமா? ஈரத்துல வழுக்குற படி, பின்னாடி அவ்வளவு பேர், முன்னாடி டார்ச்சோட கைடு "சீக்கிரம் வாங்க"ன்னு கூப்பிடுறாரு. அம்மா என்ன பண்ணுவாங்க?

கைக்குழந்தை கதை இன்னும் மோசம். தள்ளுவண்டி உள்ள போகாதுன்னு நமக்கே தெரியும். அதனால பிள்ளையை முதுகுல சுமக்குற பையோட போனோம். வாசல்ல நிறுத்திட்டாங்க. கூரை தாழ்வா இருக்காம், பிள்ளை தலை இடிக்குமாம், முன்பக்கமாக் கட்டினாத்தான் விடுவாங்களாம். காரணம் சரிதான். அதைக் காசு வாங்குறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன கேடு? டிக்கெட் பணமும் திரும்ப வராதாம்! என் மனைவி பிள்ளையோட வெளியவே உட்கார்ந்துட்டா.

விதிகளை நான் எதிர்க்கலை. பிரான்சுல ஆதிமனிதர் ஓவியங்கள் இருக்கிற லாஸ்கோ குகையை 1948-ல மக்களுக்குத் திறந்தாங்க. வந்தவங்க விட்ட மூச்சுக்காத்தே ஓவியங்களைக் கெடுக்க ஆரம்பிச்சதால 1963-ல மூடிட்டாங்க. வட அமெரிக்காவுல 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் வௌவால்களைக் கூட்டம் கூட்டமாக் கொன்னுருக்கு. அந்தப் பூஞ்சை நம்ம செருப்பு, துணியில ஒட்டிக்கிட்டு அடுத்த குகைக்கும் போகும். அதனால வேற குகைக்குப் போட்டுட்டுப் போன ஷூவைப் போட்டு வராதேன்னா வரமாட்டேன். அதையும் வீட்டுல இருக்கும்போதே சொல்லுங்க!

குளிரும் அப்படித்தான். வெளிய வெயில் கொளுத்தினாலும் ஆழமான குகைக்குள்ள பெரும்பாலும் அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பம்தான் இருக்கும். ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா குகை கோடையிலயும் கிட்டத்தட்ட 10 டிகிரி. ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்கன்னு ஒரு வரி போட்டா குழந்தைகள் நடுங்காதுங்க.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவுல மாமத் குகையில ஒவ்வொரு டூருக்கும் எவ்வளவு தூரம், எத்தனை படின்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறாங்க. இங்க நான் போன் பண்ணிக் கேட்டா, "நேர்ல வாங்க சார், ஈசிதான்"ங்கிறாங்க. யாருக்கு ஈசி? படியை எண்ணி எழுதுங்க. கூரை எங்கே தாழ்வுன்னு எழுதுங்க. திரும்ப வழி இல்லைன்னா இல்லைன்னே எழுதுங்க. அதைப் படிச்சுட்டு, வர்றதா வேண்டாமான்னு எங்கம்மாவே முடிவு பண்ணட்டும்.